வெள்ளிக்கிழமைகளில் விழுந்த கொம்பியூட்டர்

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தனான். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ரெண்டு பேர் தங்கச்சி விட்டுப்போனவர்கள். ஆறு பேரும் தொழில் துறையோடு இருக்கினம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது. அப்படியிருந்தும் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் பத்தொன்பது வருசம் வேலை பார்த்தனான். கூட்டுவது, துடைப்பது, தேத்தண்ணி போடுவது, கடதாசி கொண்டுபோய்க் கொடுப்பது. அத்தனை வருசத்தில் ஒரேயொரு முறையைத் தவிர என் வேலையில் ஒருவரும் குறை சொன்னதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அதே கந்தோரில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், விளக்குமாறு பிடிப்பவர்களும் கொம்பியூட்டரில் இருப்பவர்களுமாக, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ அன்ரி என்று கேட்டு விட்டிருக்கிறீர்கள். எப்படித் துடைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது ரெண்டு நாளில் கைக்கு வந்துவிடும். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

எங்கள் கந்தோரின் உயிர் ஒரு கொம்பியூட்டரில் இருந்தது. கப்பல் எப்போது வருகிறது, என்ன ஏற்றி வருகிறது என்ற விபரமெல்லாம் அதற்குள் இருந்துதான் கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போகும். விபரம் போகாவிட்டால் கப்பல் குடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கொம்பியூட்டரில் இருந்தவ சுகந்தி. உப்புவெளியில் இருந்து பஸ்சில் வருகிற பிள்ளை. கல்யாணம் முடித்து ஒரு வருசம். மாமி வேலைக்குப் போகவே வேண்டாம் என்று நின்றவவாம். பிள்ளை கெஞ்சி மன்றாடித்தான் வந்தவ.

அந்த வருசம் தலைமைக் கந்தோரில் இருந்து புதிதாக ஒரு நெற்வேர்க் மென்பொருள் போட்டார்கள். வேறு ஒருவரும் எட்டிப் பார்க்க ஏலாதபடி எங்கள் கொம்பியூட்டரையும் கொழும்பையும் அது ரகசியமாகத் தொடுத்து வைத்திருக்குமாம். போட்டு அடுத்த வெள்ளிக்கிழமை, நான் குசினியில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், சுகந்தி கத்துகிறா.

"அன்ரி! ஓடி வாங்கோ! செத்துப் போச்சு!"

ஆரோ மனிசர் செத்துப்போச்சு என்றுதான் ஓடினனான். பார்த்தால் திரை முழுக்க நீலம். அதற்குள் வாய் கோணின ஒரு முகமும், வெள்ளை எழுத்தும். சுகந்தி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றா, பொலிசைக் கண்டவள் மாதிரி. கொஞ்சத்தில் கொம்பியூட்டர் தானாகவே திரும்ப எழும்பிவிட்டது. ஆனால் அவ பாதி எழுதின கடதாசி போய்விட்டது. கோதுமைக் கப்பல் ஒன்று வெளியே காத்து நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நேரம், அதே நீலம்; கொம்பியூட்டர் விழுந்துவிட்டது என்றார்கள்.

முகாமையாளர் ஐயா நல்ல மனிசன்தான், ஆனால் கப்பல் நின்றால் அவருக்குக் கண் தெரியாது. "பிள்ளை, பென்டிரைவில படம் கொண்டந்து பாக்கிறீரோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"பென்டிரைவ் எண்ட சாமானே என்னட்ட இல்லை ஐயா."

"அப்ப வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் விழுகுது? வெள்ளிக்கிழமைதானே புதுப்படம் வருது?"

ஆரோ சிரித்தார்கள். சுகந்தியின் முகம் எரிந்துபோனது.

அன்று பின்னேரம் தோப்பூரில் இருந்து ஒரு தம்பி வந்தான். எங்கள் கந்தோரின் கொம்பியூட்டர்களைப் பார்ப்பவன் அவன்தான். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டான். கொம்பியூட்டருக்கு முன்னால் வெகுநேரம் இருந்துவிட்டு, இனி விழுந்தால் தானாக எழும்பாமல் அந்த நீலத்திலேயே நிற்கும்படி மாற்றிவிட்டான். "இந்த எழுத்தத்தான் எனக்குப் பாக்க வேணும். என்ன சாமான் விழுத்தின எண்டு அதுல இரிக்கும். விழுந்தா அணைக்காதீங்க, எனக்கு அடிங்க" என்று நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டினான். பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டான்.

"விழுறதுக்கு முன்னுக்குக் கால் மணித்தியாலத்துல இந்த அறைக்குள்ள என்ன நடந்த? ஆர்ட பிழை எண்டு நான் கேக்கல்ல. என்ன நடந்த, அவ்வளவுதான்."

என் முறை வந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "கூட்டினனான். சாம்பிராணி காட்டினனான். வேற ஒண்டும் இல்லை."

பிள்ளைகளே, அந்த 'வேற ஒண்டும் இல்லை' பொய்.

வெள்ளிக்கிழமை காலையில் கந்தோர் முழுக்கச் சாம்பிராணி காட்டுவது என் வழக்கம். தேங்காய்ச் சிரட்டைத் தணலைத் தட்டில் போட்டு, வாசலில் தொடங்கி ஒவ்வொரு மேசையாகப் போவேன். கொம்பியூட்டருக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார் படம் இருக்கிறது. அந்தச் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு மஞ்சள் வயர் கொடி மாதிரித் தொங்கும். அதுதான் கொம்பியூட்டரை வெளியோடு தொடுக்கிற நெற்வேர்க் வயர். ஒருமுறை தணல் பட்டு அதன் தோல் கருகப் பார்த்தது. அன்றிலிருந்து நான் அந்த வயரைச் சுவர்ப்பெட்டியில் இருந்து கழற்றி, பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு, திரும்பக் கொழுவிவிடுவேன். டிக் என்று சத்தம் கேட்கும். பதினொரு வருசமாக அப்படித்தான். புகை ஒத்துவராது என்று சுகந்தியும் அந்த நேரம் வெளியே போய்விடுவா. 'வயர்களைத் தொடக்கூடாது' என்று ஐயா அந்த அறையில் ஒட்டியிருந்த அறிவித்தலை நான் எழுத்துக் கூட்டி வாசித்தும் இருக்கிறேன். ஆனால் நான் தொடுவதைத் தொடுவதாகவே நான் எண்ணவில்லை. நெருப்போடு போகிறவள் திரைச்சீலையை ஒதுக்கிப் பிடிக்கிற மாதிரித்தான் அது எனக்கு.

தம்பி கேட்டபோது அந்த மஞ்சள் வயர் ஞாபகம் வந்தது. கண்ணுக்கு முன்னால் வந்து தொங்கினது. சொன்னால் அறிவித்தலை மீறினவள் ஆகிவிடுவேன். அதோடு, பதினொரு வருசமாகச் செய்கிற வேலை இப்ப எப்படிப் பிழைக்கும்? கழற்றின உடனே விழுந்தாலாவது சொல்லலாம். நான் கழற்றிக் கொழுவி, குசினிக்குப் போய், தண்ணி கொதித்து, தேத்தண்ணி ஊற்றுகிற நேரத்தில் அல்லவா விழுகிறது? இப்படி என் மனதுக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பழைய பழக்கம் அப்படியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஒரு மென்பொருளை வைத்துவிட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

தம்பி எங்களிடம் கேட்டதை எல்லாம் எழுதி, அந்த மென்பொருளைச் செய்கிற வெளிநாட்டுக் கொம்பனிக்கு முறைப்பாடு அனுப்பினான்.

மூன்றாம் வெள்ளி திரும்பவும் விழுந்தது. இந்தமுறை நீலம் அப்படியே நின்றது. ஆனால் கப்பல் அவசரத்தில் ஐயா ஓடிவந்து சுவிட்சை அமத்திவிட்டார். எழுத்தெல்லாம் போய்விட்டது. தம்பி போனில் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது. அதே கிழமை கொம்பனியில் இருந்தும் பதில் வந்தது. எங்களுடைய இடத்தில் விழவில்லை, நீங்கள் தந்த விபரம் போதாது, முறைப்பாட்டை மூடுகிறோம் என்று.

விபரம் போதாது. அந்தப் போதாத விபரம் என் வாய்க்குள் இருந்தது.

நாலாம் வெள்ளி மாரி மழை. சிரட்டை எல்லாம் நனைந்து தணல் பிடிக்கவில்லை. பிள்ளையாருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். அன்று கொம்பியூட்டர் விழவில்லை. மத்தியானம் ஆச்சு, பின்னேரம் ஆச்சு, விழவில்லை.

எனக்குச் சந்தோசம். ஐயாவுக்கும்தான். ஆனால் அவருடைய சந்தோசம் வேறு மாதிரி. "பாத்தீங்களோ அம்மா?" என்றார் என்னிடம், தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு. "பிடிபட்டிட்டன் எண்ட உடனே பென்டிரைவை வீட்டில வைச்சிட்டு வந்திருக்கிறா. இண்டைக்கு விழேல்ல. இனி என்ன சாட்சி வேணும்? திங்கக்கிழமை கடிதம் குடுக்கப் போறன். வேற ஆளைப் பாப்பம்."

விழுந்தாலும் அந்தப் பிள்ளையின் பிழை, விழாவிட்டாலும் அந்தப் பிள்ளையின் பிழை. நான் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் மழையும் நனைந்த சிரட்டையும் மஞ்சள் வயரும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்து நின்றன. இன்று நான் வயரைத் தொடவில்லை.

அப்பவும் நான் வாய் திறக்கவில்லை. வெறும் நினைப்பை வைத்து என்னத்தைச் சொல்வது என்று எனக்கே சொல்லிக்கொண்டு அன்புவழிபுரத்துக்கு வீட்டை போனனான்.

சனிக்கிழமை அரை நாள். சுகந்தி தன் வேலையை முடித்து, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போனா. கப்பலும் இல்லை. நான் கொம்பியூட்டர் அறைக்குள் போனனான். கதிரை வெறுமை. மஞ்சள் வயரைக் கழற்றினேன். பிள்ளையாருக்குச் சாம்பிராணி காட்டுகிற அளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பக் கொழுவினேன். டிக். பிறகு குசினியில் கேத்திலை வைத்துவிட்டு வந்து, கதிரைக்குப் பின்னால் நின்றேன்.

தண்ணி கொதிக்கிற சத்தம் கேட்டது. திரை நீலமானது.

ஐயோ என்று என் வாயில் வந்த சத்தம் எனக்கே வேறு ஆளின் சத்தம் மாதிரிக் கேட்டது. ஒருவரும் விசையைத் தொடவில்லை. ஒரு பென்டிரைவும் இல்லை. என் கை, என்னுடைய இந்தக் கை, அத்தனை வருசத்தில் ஒரு கோப்பையும் உடைக்காத கை, அதை விழுத்தியிருக்கிறது. சுவரில் இருந்த நம்பரைப் பார்த்து ஒவ்வொன்றாக அமத்தினேன்.

"தம்பி, விழுந்திட்டுது. நான்தான் விழுத்தினனான்."

"இப்ப நீலத்துல நிக்குதா?"

"ஓம்."

"அம்மா, நான் மோட்டச்சைக்கிள எடுத்துக்கிட்டு வாறன். ஒங்கட போன்ல படம் எடுக்க ஏலுமா?"

"என்ரது பட்டன் போன் தம்பி."

"அப்ப ஆராச்சும் படம் எடுக்குற வரைக்கும் ஒருத்தரையும் தொட விடாதீங்க. சுவிட்சுக்கு முன்னுக்கு நில்லுங்க."

அவன் போனை வைக்கவும் ஐயா உள்ளே வரவும் சரி. கொழும்பில் இருந்து அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது, தொடர்பு அறுந்துவிட்டது, சீமெந்துக் கப்பல் ஒன்று நேரத்துக்கு முந்தி வருகிறது, அதன் விபரத்தை உடனே அனுப்பு என்று. சேர்ட் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நீலத்தைக் கண்டதும் நேரே சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"ஐயா, தொடாதேங்கோ."

"அம்மா, கப்பல் வருது! தள்ளுங்கோ!"

"முதல்ல உங்கட போனால படம் எடுங்கோ. பிறகு தள்ளிறன்."

"கொம்பியூட்டரோட செல்ஃபி எடுக்கவோ நான் சோத்தை விட்டிட்டு ஓடி வந்தனான்? எனக்கு உத்தரவு போடுறீங்களோ?"

"ஓம் ஐயா. போடுறன்."

அத்தனை வருசத்தில் அவருக்கு முன்னால் நான் சொன்ன முதல் எதிர்ச்சொல் அது. நானே தொடர்ந்தேன். "சுகந்தி வீட்டை போயிட்டா. கதிரையில ஆளில்லை. வயரைக் கழட்டிக் கொழுவினது நான். அந்த மூண்டு வெள்ளியும் விழுத்தினதும் நான்தான் போல கிடக்கு. அந்த எழுத்தை அழிச்சிட்டால் திங்கக்கிழமை நீங்கள் என்னை நம்பமாட்டியள். படம் எடுங்கோ ஐயா."

ஐயா ரெண்டு படம் எடுத்தார். நான் தள்ளி நின்றேன். அவர் கொம்பியூட்டரை எழுப்பிக் கப்பல் விபரத்தை அனுப்பினார். அதுவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி மழைக்கோட்டோடு வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அந்த நெற்வேர்க் மென்பொருளின் பெயர் அதில் இருந்தது. "இன்னொருக்கா விழுத்திக் காட்டுவீங்களா அம்மா?"

காட்டினேன். வயர், பிள்ளையார், டிக். பிறகு வெறும் கதிரைக்கு முன்னால் மூன்று பேரும் பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் குடிக்கவில்லை. ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒண்டும் நடக்கேல்லையே" என்று அவர் சொல்லி வாய் மூட முன்னம் நீலமானது. ஐயாவின் தேத்தண்ணி நிலத்தில். துடைத்தது நான்தான்.

"அப்ப பிழை அம்மாவின்ர" என்றார் ஐயா.

"இல்ல சேர்." தம்பி அப்பவும் சத்தம் கூட்டவில்லை. "வயர் கழண்டா தொடர்பு அறும். அது சரி. கொம்பியூட்டரே விழப்படாது. நாளைக்கு எலி கடிச்சாலும் கழரும். சாதாரண புரோகிராம் ஒண்டு பிழைச்சா அது மட்டும் மூடும். இது கேர்னல் எண்டு சொல்ற உள்பகுதிக்குள்ள பூந்து வேல செய்யுது. கொம்பியூட்டர் முழுக்க நிக்கிறது அந்த உள்பகுதியிலதான். அங்க இருந்துக்கிட்டு இது பிழைச்சா எல்லாமே நிண்டிரும்."

"தோணியில ஏறினவன் தோணிக்கு அடியிலேயே ஓட்டை போடுற மாதிரியோ?" என்று கேட்டேன்.

"அதேதான்."

அன்றே அவன் முறைப்பாட்டைத் திரும்ப எழுதினான். நான் சொல்லச் சொல்ல. வயரைக் கழற்று, எவ்வளவு நேரம் பிடி, கொழுவு, எவ்வளவு நேரம் காத்திரு. "அறிவித்தலை மீறி எண்டும் போடு" என்றேன். "அது கொம்பனிக்குத் தேவல்லம்மா" என்றான். "என்ன நடந்தது எண்டுதானே கேட்டனீ?" என்றேன். சிரித்துவிட்டு, அதையும் போட்டான். இந்தமுறை கொம்பனிக்காரர் முறைப்பாட்டை மூடவில்லை. தங்கள் கொம்பியூட்டரையும் அதேபோல் விழுத்திப் பார்த்திருக்கிறார்கள், விழுந்திருக்கிறது. கொஞ்ச நாளில் திருத்தின மென்பொருள் வந்தது. ஐயாவின் கண்ணுக்கு முன்னால் நானே வயரைக் கழற்றிக் கொழுவினேன். விழவில்லை. பிள்ளையார் படத்தை மற்றச் சுவருக்கு மாற்றினோம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. தகுதியானதுதான், வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுவல்ல. அந்தத் திங்கட்கிழமை.

ஐயா சுகந்தியைக் கூப்பிட்டு, கடிதத்துக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்டார். அவ வெளியே வந்ததும் நான் குசினி வாசலில் நின்று நடந்தது முழுவதையும் சொன்னேன். பிள்ளை என்னைக் கட்டிப் பிடிப்பா, அன்ரி நீங்கள்தான் காப்பாத்தினீங்கள் என்பா என்று நினைத்துக்கொண்டு நின்றனான். மறைப்பானேன், அந்த நினைப்போடுதான் நின்றனான்.

அவ கட்டிப் பிடிக்கவில்லை. கேள்விதான் கேட்டா.

"தோப்பூர் அண்ணை வந்து கேட்ட அண்டைக்கு, வயரைக் கழட்டினது உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ அன்ரி?"

"இருந்தது."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்ல?"

நான் கையில் இருந்த துணியால் வாசல் நிலையைத் துடைத்தேன்.

"ரெண்டு கிழமை அன்ரி. எங்கட மாமி ஒழுங்கையில வீடு வீடாச் சொல்லிப் போட்டா, மருமகள் கந்தோரில படம் பாத்துப் பிடிபட்டவள் எண்டு. ஐயா மன்னிப்புக் கேட்டது இந்த அறைக்குள்ள. அங்க ஆர் போய்ச் சொல்லுறது?"

"நான் வந்து சொல்லுறன் பிள்ளை."

போனனான். உப்புவெளிக்குப் பஸ் ஏறிப் போய், அந்த மாமிக்கு முன்னால் நின்று, விழுத்தினது நான், ஒளித்ததும் நான் என்று சொன்னனான். மாமி கதிரைகூடப் போடவில்லை. "ஓமோ?" என்றா, அவ்வளவுதான். கேட்டவ நம்பினாவோ, ஒழுங்கைக்கு அதையும் போய்ச் சொன்னாவோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கெட்ட கதைக்கு இருக்கிற கால் திருத்தின கதைக்கு இல்லை. கந்தோரில் சுகந்தி அதற்குப் பிறகும் என்னோடு மரியாதையாகத்தான் கதைத்தா. ஆனால் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க அவவுக்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. இன்று உங்களுக்குப் பொறுப்பாக இருக்கிற சுகந்தி மிஸ் அவதான்.

கொம்பியூட்டர் விழுந்தால் திருத்தலாம். தோணியில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் அடைக்கலாம். என்ன நடந்தது என்று ஒருவர் கேட்கும்போது உங்கள் கை செய்ததை முதலில் சொல்லுங்கோ, அது சின்ன விசயமாக இருந்தாலும், வெட்கமாக இருந்தாலும். பிழையா இல்லையா என்று பிறகு பார்க்கலாம். நீங்கள் வாய் மூடுகிற ஒவ்வொரு நாளும் வேறு ஒருவரின் தலையில்தான் எழுதப்படும்.

இவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. இப்போது பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"அம்மம்மா, அந்தத் தம்பி கேட்ட இடத்தில, 'மறந்துபோனன்' எண்டு மாத்தி எழுதட்டோ? எல்லாரும் வாசிப்பினம். சுகந்தி மிஸ்சும் வாசிப்பா."

"வேண்டாம் பிள்ளை. மறதி இல்லை, பயம். நான் சொன்ன மாதிரியே கிடக்கட்டும். எங்க, அந்த இடத்தை ஒருக்கா உரத்து வாசி, கேப்பம்."